ஓணானுக்கும் வாசல் விட்ட வேலி

வா மோனே, வந்து இரு. அந்தக் கதிரையிலை இராதை. போன மாசம் வாங்கினது, இப்பவே கால் ஆடுது. இந்தக் கல்லிலை இரு. இது என்ர அப்பு இருந்த கல்.

கையிலை என்ன, போனோ? அதிலை வேலி கட்டப் படிக்கிறியோ? காட்டு, நானும் பாப்பம். சீமையிலை ஒருத்தன் கல் அடுக்கிறான். திறம். கைக்கு உறை, கண்ணுக்குக் கண்ணாடி, காலுக்கு இரும்பு வைச்ச சப்பாத்து, காதுக்கும் என்னவோ மாட்டியிருக்கிறான். கல்லு கத்துமோ? பின்னாலை பாட்டு வேறை போகுது. கனபேர் பாத்திருக்கினம் போலை. அது சரிதான். வேலி கட்டுறதை விட, வேலி கட்டுறவனைப் பாத்துக்கொண்டு இருக்கிறது எப்பவும் சுகம். நானும் வாழ்க்கையிலை அதைத்தான் கனக்கச் செய்தனான்.

அதென்ன அந்தக் கடுதாசிச் சுருள்? ஓ, எஸ்ரிமேற். உன்ர பாட்டன்ர வளவுக்கு மதில். அடியிலை கொங்கிறீட், நடுவிலை கம்பி, மேலை சீமெந்துப் பூச்சு. பேந்து அந்தப் பூச்சுக்கு மேலை மெல்லிய கல்லுத் தகடு வாங்கி ஒட்டி, பழைய கல்வேலி மாதிரித் தெரிய வைக்கிறதோ? பொறு மோனே, சிரிச்சு முடிக்கிறன். நெடுந்தீவிலை நிண்டுகொண்டு கல்லு விலைக்கு வாங்கப் போறாய். குறிகட்டுவானிலை இருந்து ஒரு மணித்தியாலம் கடலிலை ஆடி ஆடி, ஆக்கள் சத்தி எடுத்துக்கொண்டு வாற பாதையாலை நீ கல்லு ஏத்திக்கொண்டு வரப்போறாய். கடலுக்கு உப்பு விக்கப் போனவன் கதை கேள்விப்பட்டிருக்கிறன். இண்டைக்குத்தான் ஆளை நேரிலை பாக்கிறன்.

உன்னைச் சொல்லிக் குற்றமில்லை. நீ மூண்டு வயசிலை போனனி. இந்தத் தீவைப் பற்றி உனக்கென்ன தெரியும்? குதிரை தெரியும், பெருக்குமரம் தெரியும். வாறவை எல்லாம் அதுக்குப் பக்கத்திலை நிண்டு படம் எடுத்துக்கொண்டு பின்னேரப் படகிலை போறவை. வழி நெடுக ரெண்டு பக்கமும் கூட வந்த வேலியை ஒருத்தரும் எடுக்கிறேல்லை.

கேள். யாழ்ப்பாணத்திலை வேலி எண்டால் என்ன? கிளுவைக் கதியால், பூவரசு, அதிலை கிடுகோ பனையோலையோ. இஞ்சை கதியால் நட மண் எங்கை? அலவாங்கைப் போட்டுப் பார். ஒரு சாண் போகும், பேந்து 'டங்' எண்டு நிக்கும். கீழை முழுக்கச் சுண்ணாம்புக்கல், முருகைக்கல். எந்தக் காலத்திலையோ கடலுக்குள்ளை கிடந்தது. உழுதால் கல், கிண்டினால் கல், கிணறு வெட்டினால் மலை மாதிரிக் கல். இவ்வளவையும் எங்கை கொண்டுபோய் வைக்கிறது? வளவின்ர ஓரத்திலை வைச்சாங்கள். அதுதான் வேலி. கல்லைத் தேடி வேலி கட்டினதில்லை மோனே, கல்லுக்கு இடம் தேடினதிலை வந்த வேலி.

இதிலை இன்னொரு வசதியும் இருக்கு. அங்காலை ஊருகளிலை வேலிச் சண்டை கேள்விப்பட்டிருப்பாய். ராவோட ராவா கதியாலை நாலு விரல் அரக்கி நடுவினம். வருசம் பத்துப் போனால் மாமரம் பக்கத்து வீட்டுக்காரனுக்கு. பேந்து கோடு கச்சேரி, அப்புக்காத்துமாருக்குக் கல்வீடு. கல்வேலியை ராவிலை நாலு விரல் அரக்கிப் பார் பாப்பம். சத்தத்திலை நாய் எழும்பும், நாயோட ஊர் எழும்பும், விடிய முதல் உன்ர மாமியாருக்கே தெரிஞ்சிடும். கள்ளனுக்கும் களைக்கிற வேலி இது.

இப்ப கல் அடுக்கிறதுக்கு உலகத்திலை மதிப்பு வந்திட்டுது, தெரியுமோ? பேத்தி வாசிச்சுக் காட்டினவள். சாந்து போடாமல் கல்லிலை சுவர் கட்டுற கலையை யுனெஸ்கோக்காரர் 2018ஆம் ஆண்டு மனிசகுலத்தின்ர மரபு எண்டு பட்டியலிலை போட்டவையாம். குரோஷியா, சைப்பிரஸ், பிரான்ஸ், கிரேக்கம், இத்தாலி, ஸ்லோவேனியா, ஸ்பெயின், சுவிஸ் எண்டு எட்டு நாடு. 2024இலை அயர்லாந்து, பெல்ஜியத்தோட சேர்த்து இன்னும் அஞ்சு நாடு வந்து சேர்ந்ததாம். இங்கிலாந்திலை 1968ஆம் ஆண்டு தொடக்கம் இதுக்கு ஒரு சங்கமே இருக்காம். சோதினை வைச்சு, பாஸ் பண்ணினால் சான்றிதழ் குடுப்பினமாம். நானும் யோசிச்சனான். என்ர அப்புவுக்குச் சோதினை வைச்சது ஆர்? எங்கடை கறுத்தக் கிடாய். அது பாஸ் போட்டால் பாஸ்.

அந்தக் கிடாய் எனக்குப் போட்ட பெயிலைச் சொல்லுறன், கேள்.

எனக்குப் பதினாறு வயசு. தெற்கு வளவிலை வேலி ஒரு துண்டு சரிஞ்சு கிடந்தது, மூண்டு பாகம் நீளம். அப்பு ரெண்டு நாள் வேலை எண்டு சொன்னவர். நான் ஒரு நாளிலை முடிக்கிறன் எண்டு காலமை தொடங்கிப் பொழுதுபட முதல் முடிச்சும் போட்டன். எப்பிடி முடிச்சனான்? வடிவான கல்லா எல்லாம் பொறுக்கி, தட்டையான பக்கத்தை வெளியிலை காட்டி, நீட்டுப் போக்கிலை வரிசையா வைச்சன். ஒரு கல்லை வைச்சால் ரெண்டடி முடிஞ்சிடும் பார். ரெண்டு முகத்துக்கும் நடுவிலை வந்த பள்ளத்துக்குச் சவளாலை மண்ணையும் மணலையும் அள்ளிக் கொட்டினன். ரோட்டாலை போனவை எல்லாம் நிண்டு பாத்து, 'ஆர் மோனே கட்டினது, பல்லு வரிசை மாதிரி இருக்கு' எண்டவை. அப்பு வந்தார். சுத்திப் பாத்தார். 'வடிவு' எண்டார். வேறை ஒண்டும் சொல்லேல்லை. அந்த மனிசன் வடிவு எண்டு சொன்னால் பயப்பிட வேணும் எண்டு அப்ப எனக்குத் தெரியாது.

ஐப்பசி மழை வந்தது. நடுவிலை போட்ட மண் கரைஞ்சு கீழை இறங்கிச்சுது. வேலி கர்ப்பிணி மாதிரி வயிறு தள்ளிக்கொண்டு நிண்டது. ஒரு நாள் காலமை கிடாய் வந்து முன்னங்கால் ரெண்டையும் மேலை வைச்சுது. அவ்வளவுதான். மூண்டு பாகமும் படபடவெண்டு இருந்திட்டுது. கிடாய் நேரை போய் அப்புவின்ர பயித்தங்கொடியிலை நிண்டது. அப்பு என்னைப் பேசேல்லை. 'வா, இப்ப கட்டுவம்' எண்டு கூப்பிட்டார். அண்டைக்குத்தான் நான் படிச்சது.

முதல் படிப்பு, கல்லை எப்பிடிப் படுக்க வைக்கிறது எண்டது. கல்லின்ர நீளம் வேலிக்குள்ளை போகவேணும், சின்ன முகந்தான் வெளியிலை தெரியவேணும். வாறவை போறவை பாக்கிற பக்கத்துக்கு நீட்டை வைச்சால் அது கலியாண வீட்டுப் பந்தல் மாதிரி, நாலு நாளைக்கு நிக்கும். அப்பு சொல்லுவார், 'கல்லுத் தன்ர நீட்டை உள்ளுக்கு வைச்சிருக்கும், மனிசன்தான் வெளியிலை விரிச்சுக் காட்டுறவன்' எண்டு.

பேந்து மூட்டு. ரெண்டு கல்லுச் சேருற இடத்துக்கு மேலை ஒரு கல் ஏறி இருக்கவேணும். ஒரு கல்லின்ர முதுகிலை ரெண்டு கல் இருக்கவேணும். மூட்டுக்கு மேலை மூட்டு, அதுக்கு மேலையும் மூட்டு எண்டு விட்டாய் எண்டால், எங்கை பிளக்கிறது எண்டு வேலிக்கு நீயே கோடு கீறிக் குடுத்த மாதிரி.

அகலம்? உன்ர இஞ்சினியர் நேர்குத்தாக் கீறி வைச்சிருக்கிறார், ஆமிக்காரன் நிக்கிற மாதிரி. கல்வேலி அப்பிடி நிக்காது. நாலடி உயரத்துக்குக் கட்டுறதெண்டால் அடியிலை ரெண்டடிக்குக் குறையாமல் வேணும், உச்சியிலை ஒரு அடி போதும். ரெண்டு பக்கமும் உள்ளுக்குச் சாய்ஞ்சு ஏறவேணும். உன்ர பூட்டி முற்றத்திலை சப்பாணி கட்டி இருந்து பனங்கிழங்கு கிழிக்கிற படம் உங்கடை வீட்டிலை இருக்கும், போய்ப் பார். அவளை ஆராவது தள்ளி விழுத்த ஏலுமோ? அந்த இருப்புத்தான்.

ரெண்டு முகமும் ஒண்டிலை ஒண்டு சாய்ஞ்சு நிக்கிற புருசன் பெண்சாதி எண்டு வை. நடுவிலை மண் இல்லை, சின்னக் கல்லுகள். அதுகள் பிள்ளையள். கொட்டக்கூடாது, ஒவ்வொண்டாக் கையாலை இறுக்கி வைக்கவேணும். பெரிய கல் ஆடினால் உள்பக்கத்தாலை ஆப்புக் கல் குடுக்கவேணும். வெளியாலை செருகினால் வெயிலுக்கும் மழைக்கும் கழண்டு விழும். பேந்து பாதி உயரத்திலை, நாலடிக்கு ஒண்டு எண்ட கணக்கிலை, இந்த முகத்திலை இருந்து அந்த முகம் வரைக்கும் போற நீளக்கல் ஒண்டு போடவேணும். அது மாமியார். ரெண்டு பக்கமும் தலையை நீட்டிக்கொண்டு நிக்கும். பாக்க எரிச்சலாத்தான் இருக்கும், போற வாற நேரம் முழங்காலிலை இடிக்கும். எடுத்துப் பார், குடும்பம் ரெண்டாப் பிளக்கும்.

உச்சியிலை பாரமான கல்லு. சின்னனுகளை மேலை பரவி விட்டால் காகம் இருந்தாலே உருளும்.

இன்னொண்டு. எடுத்த கல்லைத் திருப்பிக் கீழை வையாதை. கையிலை எடுத்திட்டியோ, அதுக்கு ஒரு இடம் கண்டுபிடி. இல்லையெண்டால் பொழுதுபடுமட்டும் ஒரே கல்லைத் தூக்கித் தூக்கி வைச்சுப்போட்டு, நாரி நோகுது எண்டு எண்ணெய் பூசுவாய். எடுக்க முதல் கண்ணாலை அள. லேசர் வேண்டாம், மட்டப்பலகையும் பெரிசா வேண்டாம். ரெண்டு தடியும் ஒரு நூலும் காணும். நல்ல கைக்காரன் ஒரு நாளைக்கு ஒண்டரைப் பாகம் கட்டுவான். அதுக்கு மேலை கட்டினன் எண்டு சொல்லுறவனைக் கண்டால் என்ர கிடாயின்ர கதையைச் சொல்லு.

முருகைக்கல்லு கையைக் கீறும், அதுக்குப் பயப்பிடாதை. உடம்பு முழுக்கச் சின்னச் சின்ன ஓட்டை, சொரசொரப்பு. அதாலைதான் ஒண்டை ஒண்டு பிடிச்சுக்கொண்டு நிக்குது. வழுவழு எண்டு மினுக்கின கல்லுக்கு ஒண்டோட ஒண்டு ஒட்டத் தெரியாது. சாந்து இல்லாமல் எப்பிடி ஐயா நிக்கும் எண்டு கேக்கிற இஞ்சினியரிட்டைச் சிம்பாப்வேயைக் கேட்டுப் பாக்கச் சொல்லு. அங்கை கருங்கல்லை அடுக்கி ஒரு பெரிய சுத்துமதில், 11 மீற்றர் உயரம், சுத்தளவு 250 மீற்றர், ஒரு கரண்டி சாந்து இல்லை. அறுநூறு வருசத்துக்கு மேலை நிக்குது. நாட்டின்ர பேரே 'கல்வீடு' எண்ட சொல்லிலை இருந்து வந்ததாம். அங்கை எஸ்ரிமேற் போட்டது ஆர் எண்டு தெரியேல்லை.

உள் வேலிக்கு ரெண்டு முகமும் வேண்டாம். ஒற்றைக் கல்லா, இடைவெளி விட்டு அடுக்கினாலே காணும். இந்தப் பக்கம் நிண்டு பாத்தால் அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரியவேணும். வீண் வேலை எண்டு நினைக்கிறியோ? ஆட்டுக்கு அதைப் பாத்தால் பயம். ஓட்டை ஓட்டையாத் தெரியிற, கால் வைச்சால் ஆடுற வேலியிலை அது ஏறாது. உறுதியான மதிலிலை ஏறி நிண்டு ஊர் பாக்கும். நாங்கள் மனிசர் மறுவளமா, ஆடுறது எதெண்டு தெரியாமல் ஏறிப்போட்டு, விழுந்தாப்போலை கல்லைப் பேசுவம்.

அந்த ஓட்டை காத்துக்கும் வழி. நீ சோளகம் பாத்திருக்க மாட்டாய். வைகாசி, ஆனி வந்தால் கடலிலை இருந்து தள்ளிக்கொண்டு வரும், வாயைத் திறந்தால் உப்பு. மார்கழியிலை அங்காலை வாடை. தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன 1964 மார்கழிப் புயலிலை எனக்குப் பத்து வயசு. எங்கடை கூரை எங்கை போனது எண்டு தேடினது இப்பவும் நினைவிருக்கு. பனை முறிஞ்சு கிடந்தது. வேலியிலை உச்சிக் கல்லுகள் அங்கை இஞ்சை விழுந்து கிடந்தது, அவ்வளவுதான். ஏன்? காத்து வந்தது, 'போ ராசா' எண்டு வழி விட்டுது. வெள்ளம் வந்தது, அதுக்கும் வழி விட்டுது. வேலிக்கு ஓணான் சாட்சி எண்டு பழமொழி சொல்லுறாங்கள், அந்த ஓணானுக்கும் வாசல் விட்ட வேலி இது. வாறவை எல்லாரையும் மறிச்சால்தான் மதில் எண்டு உனக்கு ஆர் சொன்னது?

அங்காலை ஒருத்தர் மதில் கட்டினவர். பேர் வேண்டாம், நல்ல மனிசன், வெளிநாட்டுக் காசு. ஏழடி உயரம், படலைக்கு ரெண்டு பக்கமும் சிங்கம். கரையிலை அள்ளின மணலைக் கழுவாமல் குழைச்சவை. நான் மெல்லமாச் சொன்னனான், தண்ணி போக அடியிலை நாலு ஓட்டை விடுங்கோ எண்டு. 'அப்பு, பாம்பு வரும்' எண்டார். பாம்பு வரேல்லை. மாரி வெள்ளம் வந்து ஒரு பக்கத்திலை குளம் மாதிரி நிண்டது. உப்புக்குக் கம்பி கறள் பிடிச்சு வீங்கிச் சீமெந்தைப் பிளந்துது. மூண்டாம் வருசம் வாடையிலை ஒரு பக்கம் படுத்திட்டுது, ஒரு சிங்கமும் சேர்ந்து படுத்திட்டுது. அதிலை பகிடி என்னெண்டால், என்ர வேலி விழுந்தால் அதே கல்லைத் திருப்பி அடுக்கலாம். அவற்றை மதில் துண்டை என்ன செய்யிறது? கம்பி துருத்திக்கொண்டு இப்பவும் கிடக்கு. ஆடுதான் அதிலை முதுகு சொறியுது.

சீமெந்தை நான் பழிக்கேல்லை. கிணத்துக்கட்டுக்குப் போடு, தண்ணித்தொட்டிக்குப் போடு. வேலிக்கு எதுக்கு?

பறங்கியன்ர கோட்டை பாத்தியோ? அதுவும் இந்த முருகைக்கல்லுத்தான். சுண்ணாம்புச் சாந்து வைச்சு, ஆள் உயரத்துக்கு மேலை, பீரங்கிக்கும் பயப்பிடாத மொத்தத்திலை கட்டினவங்கள். பேந்து ஒல்லாந்தன் வந்து தன்ர ஊர்ப் பேரை எங்கடை தீவுக்கு வைச்சிட்டு இருந்தவன். இப்ப என்ன? பாதி இடிஞ்சு, தகரப் பலகையிலை 'ஏறாதேயுங்கோ' எண்டு எழுதிக் கிடக்கு. பக்கத்திலை போற இடுப்பளவு கல்வேலி நிக்குது. சாந்திலை இல்லை வித்தியாசம். கோட்டையிலை ஒரு கல் விழுந்தால் எடுத்து வைக்க ஆள் இல்லை, பறங்கியன் போட்டான். வேலியிலை விழுந்தால் ஆடு உள்ளை வந்திடும் எண்ட பயத்திலை ஆராவது ஒரு கிழவி புறுபுறுத்துக்கொண்டு எடுத்து வைப்பாள்.

இப்ப அந்தக் கிழவியும் குறைஞ்சு போச்சு. அதுதான் கரைச்சல். ஸ்கொட்லாந்துக்கு வடக்காலை நோர்த் ரொனால்ட்சே எண்டு ஒரு சின்னத் தீவு. 1832இலை தீவைச் சுத்திக் கல்வேலி கட்டினவங்கள், 20 கிலோமீற்றருக்குக் கிட்ட. ஆட்டை உள்ளை வைக்க இல்லை, வெளியிலை வைக்க! ஆடு கரையிலை நிண்டு கடற்பாசி திண்டு வாழுது, தோட்டத்துக்கை வரக்கூடாது. கடல் அடிச்சு வேலி விழ விழ ஊர்ச்சனம் கூடி எடுத்து வைச்சது. பேந்து சனம் எங்களை மாதிரியே ஊரை விட்டுப் போட்டுது. மிஞ்சினது ஒரு கைப்பிடி ஆக்கள். கடைசியிலை 2019இலை வேலி பாக்கிறதுக்கெண்டே சம்பளத்துக்கு ஆள் தேவை எண்டு விளம்பரம் போட்டவையாம். பேத்தியிட்டை நான் கேட்டனான், கிழவனை எடுப்பினமோ எண்டு. அவள் சிரிக்கிறாள். வேலையைப் பற்றிச் சிரிக்கட்டும், கடற்பாசி திண்ட ஆட்டிறைச்சி எப்பிடி இருக்கும் எண்டு நான் கேட்டது பகிடியில்லை.

என்ன, எஸ்ரிமேற்றைச் சுருட்டுறாய்? வைச்சிரு, அடுப்புக்கு ஆகும். கல்லுக்கு எங்கை போறது எண்டு யோசிக்காதை. கடலிலை கிண்டலாம் எண்டு ஆராவது சொன்னால் கேளாதை, பவளப்பாறையை உடைக்கிறது சட்டப்படி குற்றம், பொலிஸ் வரும். உன்ர பாட்டன்ர வேலி நாயுருவிக்குள்ளை விழுந்தபடி கிடக்கு. கல் ஒண்டும் எங்கையும் போகேல்லை. நீங்கள்தான் போனனீங்கள்.

நாளைக்குக் காலமை வெயில் ஏற முதல் வா. கையுறை போடுறதெண்டால் போடு, நான் சிரிக்க மாட்டன். கொஞ்சம் சிரிப்பன். முதல் விழுந்த கல்லை எல்லாம் ரெண்டு பக்கமும் பரவி வைப்பம், பெரிசு கிட்ட, சின்னன் எட்ட. அடிக்கல் அசையேல்லை எண்டால் அதைத் தொடவேண்டாம், அது உன்ர பூட்டன் வைச்சது.

பொறு, உதென்ன சத்தம்? என்ர பயித்தைக்கை ஆடு! எங்காலை வந்தது? கத்தாதை, கலைக்காதை. அது எந்தப் பக்கத்தாலை வெளியிலை போகுது எண்டு மெல்லமாப் பின்னாலை போய்ப் பாத்துக்கொண்டு வா. போனை இஞ்சை வைச்சிட்டுப் போ. வரேக்கை அந்தப் பொட்டடியிலை கிடக்கிற கல்லிலை ஒண்டைத் தூக்கிப் பார். தூக்கினால் கீழை வையாதை.